பெரிய ரெஸ்டாரன்ட்டில் சாப்பாடு சொதப்பினால்: புக்கிங்கிலிருந்து பில்லுக்கு அப்புறம் வரை என்ன செய்வது

ஒரு விசேஷ நாளுக்காக ரொம்ப முன்னாடியே புக் செய்து போன உயர்தர ரெஸ்டாரன்ட்டில், காய்ந்த சக்கை மாதிரி வந்த மீனை நான் முழுசாகத் தின்று முடித்திருக்கிறேன். நடுவில் சர்வர் வந்து "எல்லாம் நல்லா இருக்கா?" என்று கேட்டபோது தலையை ஆட்டி "ரொம்ப நல்லா இருக்கு" என்றும் சொன்னேன். வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் புலம்பல். மறுநாள் கோபமாக ஒரு மெயில் போட்டேன். பதில் மரியாதையாகத்தான் வந்தது, ஆனால் அதில் ஒரு வரி: சாப்பிடும்போது கேட்டதற்கு நன்றாக இருப்பதாகச் சொன்னீர்களாமே.

வாயடைத்துப் போனேன். அப்புறம் பல தடவை, நானும் என்னோடு வந்தவர்களும், இதே விஷயத்தில் வேறு வேறு இடத்தில் சறுக்கியிருக்கிறோம். பெரும்பாலும் வரிசைதான் தப்பாகிறது. தட்டு முன்னால் இருக்கும்போது சொல்ல வேண்டியதைப் பில் வரும்போது சொல்வது, சர்வரிடம் முடிய வேண்டியதை மேனேஜரிடம் கொண்டுபோவது, மேனேஜரிடம் சொல்ல வேண்டியதை ரிவ்யூவில் கொட்டுவது. கீழே உள்ளதை அந்த வரிசையிலேயே படியுங்கள்.

கிளம்பும் முன் கையில் இருக்க வேண்டியவை

புக்கிங் உறுதியான மெசேஜ், ரத்து விதி, முன்பணம் கட்டியிருந்தால் அதன் ரசீது, அன்றைய மெனுவின் ஸ்க்ரீன்ஷாட். மெனு அடிக்கடி மாறும், அதனால் போன மாதம் பார்த்த விலையை வைத்து வாதாட முடியாது.

இதைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது, அதை யாரும் செய்வதில்லை: ஏதாவது பிரச்சினை என்றால் யார் பேசுவது என்று கிளம்பும்போதே முடிவு செய்துவிடுங்கள். நாலு பேர் உட்கார்ந்திருக்கும் டேபிளில் ஒருவர் தட்டு சரியில்லை என்றால் நாலு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள், "விடு, பரவாயில்லை" என்று ஒருவர், "கூப்பிட்டுக் கேள்" என்று இன்னொருவர், அதற்குள் சாப்பாடும் ஆறிப்போகும், சொல்ல வேண்டிய நேரமும் போய்விடும். பணம் கொடுப்பவர் பேசுவதுதான் சரி. நீங்கள் விருந்தாளி என்றால் அழைத்தவரிடம் மெதுவாகச் சொல்லுங்கள். அவரைத் தாண்டி நீங்களே சர்வரைக் கூப்பிட்டுக் குறை சொன்னால் அவருக்குத்தான் சங்கடம்.

1. புக் செய்யும்போதே கேட்டுவிட வேண்டியவை

டேபிள் எவ்வளவு நேரத்துக்கு உங்களுடையது என்று கேளுங்கள். பல இடங்களில் இரண்டு மணி நேரம் என்று ஒரு வரம்பு இருக்கும், அடுத்த ஆள் வரிசையில் இருப்பார். அது தெரியாமல் ஆற அமர உட்கார்ந்துவிட்டு, டெசர்ட் வரும்போது எழுப்பிவிட்டார்கள் என்று வருத்தப்படுவதில் பயனில்லை.

டேஸ்டிங் மெனு (சமையலறையே தேர்ந்தெடுத்து, கோர்ஸ் கோர்ஸாகச் சின்னத் தட்டுகளில் வரிசையாகத் தருவது) என்றால் டேபிளில் இருக்கும் எல்லோரும் அதையேதான் எடுக்க வேண்டுமா என்று கேளுங்கள். பல சமையலறைகள் அப்படித்தான் கேட்கும், ஏனென்றால் ஒரே டேபிளுக்கு ஒருவருக்குப் பத்து கோர்ஸும் இன்னொருவருக்கு இரண்டும் என்று நேரம் பிரித்துச் சமைப்பது கஷ்டம்.

ஒவ்வாமை இருந்தால் புக்கிங் குறிப்பின் முதல் வரியில் எழுதுங்கள். "எங்களுக்குத் திருமண நாள், ஜன்னலோரம் கிடைத்தால் நல்லது, அப்புறம் என் மனைவிக்கு நிலக்கடலை ஆகாது" என்று கடைசியில் எழுதினால் படிப்பவர் கண்ணில் ஜன்னலோரம்தான் நிற்கும்.

கார்டு எண் கேட்டால், அது முன்பணமா, வெறும் ஹோல்டா என்று தெரிந்துகொள்ளுங்கள். ஹோல்டு என்றால் பணம் போகாது, உங்கள் வரம்பில் ஒரு தொகை மட்டும் தற்காலிகமாக முடங்கி நிற்கும். பில்லுக்கு அப்புறம் கணக்கைப் பார்த்து இரண்டு தடவை எடுத்துவிட்டார்கள் என்று பதறுபவர்களில் பலருக்கு நடந்தது இதுதான்.

2. டேபிள் பிடிக்கவில்லை என்றால் ஆர்டருக்கு முன் மாறுங்கள்

ஆர்டர் பதிவானதும் அது டேபிள் எண், நாற்காலி எண்ணோடு கிச்சனுக்குப் போய்விடும். யார் எந்தத் தட்டைக் கேட்டார் என்று சாப்பாட்டைக் கொண்டுவருபவருக்குத் தெரிவது அந்த எண்ணை வைத்துத்தான். அதற்கு அப்புறம் இடம் மாறினால் தட்டுகள் தடுமாறும், உங்களைக் கவனிக்கும் சர்வரும் மாறிப்போவார்.

ஏசி காற்று நேராக அடிக்கும் இடத்தில் உட்காராதீர்கள், சாப்பாடு சீக்கிரம் ஆறும். ஸ்பீக்கருக்குக் கீழேயும் வேண்டாம். இரைச்சல் அதிகமானால் உப்பும் இனிப்பும் நாக்குக்கு மந்தமாகத்தான் தெரியும். சப்பென்று இருக்கிறது என்று நாம் நினைப்பதில் கொஞ்சம் பங்கு அந்த இரைச்சலுக்கும் உண்டு.

3. ஆர்டர் செய்யும்போது வார்த்தையில் தெளிவு

ஸ்டீக் (தடிமனான மாட்டிறைச்சித் துண்டு) விஷயத்தில்தான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள். எவ்வளவு வேக வேண்டும் என்பதற்குத் தனித்தனிப் பெயர் உண்டு. மீடியம் ரேர் என்றால் நடுப்பகுதி சுமார் 54 முதல் 57 டிகிரி செல்சியஸ், மீடியம் என்றால் சுமார் 60 முதல் 63, வெல் டன் என்றால் 71க்கு மேல். ஆனால் ஒரு கிச்சனின் மீடியம் இன்னொரு கிச்சனின் மீடியம் ரேராக இருக்கலாம். அதனால் பெயரை மட்டும் சொல்லாமல் "நடுவில் இளஞ்சிவப்பாக இருக்கலாம், பச்சையாக இருக்கக் கூடாது" என்று சேர்த்துச் சொல்லுங்கள். பின்னால் தகராறு வந்தால் அந்த வாக்கியம்தான் உங்களுக்குத் துணை.

தட்டில் வழியும் சிவப்பு நீர் ரத்தம் இல்லை, மயோகுளோபின் என்ற புரதம் கலந்த தண்ணீர். அதைப் பார்த்ததும் திருப்பி அனுப்பிவிட்டு, காய்ந்துபோய் வந்ததும் மறுபடியும் குறை சொல்பவரோடு ஒரே டேபிளில் இருந்திருக்கிறேன், தர்மசங்கடம்.

மெனுவில் இல்லாத "இன்றைய ஸ்பெஷல்" என்று சொன்னால் விலையைக் கேளுங்கள். கேட்பதில் ஒரு அவமானமும் இல்லை. தண்ணீர், ரொட்டி, சைட் டிஷ் எல்லாம் விலையில் அடக்கமா, தனியா என்பதையும் இங்கேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒயின் பாட்டில் வாங்கினால் முதலில் கொஞ்சம் ஊற்றி உங்களிடம் நீட்டுவார்கள். உங்களுக்குப் பிடித்திருக்கிறதா என்று அங்கே கேட்கவில்லை, கெட்டுப்போயிருக்கிறதா என்றுதான் கேட்கிறார்கள். நனைந்த அட்டைப்பெட்டி வாசனை அடித்தால் அது டிசிஏ என்ற சேர்மத்தால் வருவது, பெரும்பாலும் கார்க்கிலிருந்து. சொன்னால் பாட்டிலை மாற்றித் தருவார்கள். பாதிப் பாட்டில் காலியான பிறகு சொன்னால் மாற்ற மாட்டார்கள்.

4. முதல் இரண்டு வாயில் முடிவு செய்யுங்கள்

இந்தப் படியைக் கோட்டைவிட்டால் மற்றதெல்லாம் வீண்.

தட்டு வந்ததும் படம் எடுக்கிறோம், பேச்சைத் தொடர்கிறோம், ஐந்து நிமிடம் கழித்துச் சாப்பிட்டுவிட்டு ஆறிப்போயிருக்கிறது என்கிறோம். ஆறவிட்டது நாம். எனவே தட்டு இறங்கியதும் பேச்சை நிறுத்திவிட்டு, கறியோ மீனோ என்றால் நடுவில் வெட்டிப் பாருங்கள். ஓரத்தில் வெட்டினால் எல்லாமே வெந்துதான் இருக்கும். ஒரு வாய் தனியாக, ஒரு வாய் சாஸோடு. அவ்வளவுதான்.

ஏன் இரண்டு வாய்? மூக்கும் நாக்கும் சீக்கிரம் பழகிப்போகும். ஐந்தாவது வாயில் உப்பு அதிகமா, நமக்குத்தான் அப்படித் தோன்றுகிறதா என்ற சந்தேகம் வந்துவிடும், தட்டும் பாதி காலியாகியிருக்கும். பாதி தின்ற தட்டைத் திருப்பி அனுப்பினால் உள்ளே இருப்பவர் என்ன நினைப்பார் என்று நாமே யோசித்துச் சும்மா இருந்துவிடுவோம்.

சர்வர் தொழிலில் இரண்டு வாய் அல்லது இரண்டு நிமிடம் என்று ஒரு கணக்கே உண்டு. தட்டு வைத்த அந்த நேரத்துக்குள் டேபிளுக்கு வந்து விசாரிக்க வேண்டும் என்று கற்றுக்கொடுப்பார்கள். ஆக "எல்லாம் சரியா இருக்கா?" என்பது வெறும் உபசாரக் கேள்வி இல்லை. திருத்துவதற்கான வாசல் அதுதான். அந்த நேரத்தில் அனிச்சையாகத் தலையாட்டுவதுதான் நான் பார்த்த தவறுகளிலேயே பெரியது, நானும் செய்தது. இன்னும் சுவைத்துப் பார்க்கவில்லை என்றால் "ஒரு நிமிஷம், இன்னும் சாப்பிடவில்லை, சொல்கிறேன்" என்று சொல்லுங்கள். அவர் திரும்பி வருவார்.

குறை இருந்தால் வெட்டிய பகுதி தெரிகிற மாதிரி ஒரே ஒரு படம். ஃபிளாஷ் வேண்டாம், பக்கத்து டேபிள் முழுக்கத் திரும்பிப் பார்க்கும்.

5. தப்பா, பிடிக்கவில்லையா, சுமாரா என்று பிரியுங்கள்

வாயைத் திறக்கும் முன் பத்து நொடி இதற்குச் செலவிடுங்கள், ஏனென்றால் மூன்றுக்கும் கேட்க வேண்டியது வேறு.

தப்பு என்றால் கிச்சனோ பரிமாறியவரோ செய்த பிழை. சூடாக வர வேண்டியது ஆறியிருப்பது, வேகாதது, கருகியது, உப்பு கரிப்பது, கேட்டது ஒன்று வந்தது ஒன்று, மெனுவில் எழுதிய பொருள் தட்டில் இல்லாதது, முடி. சாஸின் மேல் ஆடை கட்டியிருந்தால் தட்டுகளைச் சூடாக வைக்கும் விளக்கின் கீழே தட்டு ரொம்ப நேரம் காத்திருந்தது என்று அர்த்தம். இதையெல்லாம் தயங்காமல் சொல்லலாம்.

பிடிக்கவில்லை என்பது வேறு. கசப்பான கீரை என்று மெனுவில் எழுதியிருந்தது, கசந்தது, எனக்குக் கசப்பு ஆகாது. இது அவர்கள் பிழை இல்லை. மாற்றித் தரச் சொல்லிக் கேட்கலாம், பல இடங்களில் தருவார்கள், ஆனால் அது வேண்டுகோள். உரிமை மாதிரி கேட்டால் முகம் மாறும்.

தப்பு மாதிரி தெரிகிற சிலது வேண்டுமென்றே அப்படிச் செய்யப்பட்டவை. 50 டிகிரி அளவில் மெதுவாகச் சமைத்த மீன் பாதி கண்ணாடி மாதிரி இருக்கும். சில கோர்ஸ்கள் அறை வெப்பத்தில்தான் வரும். சந்தேகமாக இருந்தால் "இது இப்படித்தான் வருமா?" என்று கேளுங்கள், திருப்பி எடுக்கச் சொல்வதற்கு முன். கோழி மட்டும் விதிவிலக்கு. உள்ளே பச்சையாக வழவழவென்று இருந்தால் எந்த விளக்கத்தையும் ஏற்காதீர்கள். கோழிக்கு உள்வெப்பம் 74 டிகிரி என்பது பரவலாகச் சொல்லப்படும் பாதுகாப்பு அளவு.

இனி மூன்றாவது, உயர்தர இடங்களில் உண்மையிலேயே மனசை நோகடிப்பது: சுமார். எல்லாம் சரியாக வெந்திருக்கிறது, சூடாக இருக்கிறது, அழகாக இருக்கிறது, ஆனால் ஒன்றும் இல்லை. அளவு கொஞ்சம், சுவை அதைவிடக் கொஞ்சம். இதைத் திருப்பி அனுப்பாதீர்கள். அதே சமையல்காரர் அதே முறையில் மறுபடியும் அதையேதான் செய்து தருவார். இங்கே செய்யக்கூடியது நஷ்டத்தைக் குறைப்பதுதான். டெசர்ட்டை விட்டுவிடுங்கள், இரண்டாவது பாட்டில் வேண்டாம், கிளம்பும்போது மேனேஜரிடம் ஒரு வாக்கியத்தில் உண்மையைச் சொல்லுங்கள். பணம் திரும்பக் கேட்க இதில் வழியில்லை என்பது என் கருத்து. எதிர்பார்ப்புக்கும் தட்டுக்கும் நடுவில் இருக்கும் தூரத்துக்கு யாரும் பில் போட்டுத் தர மாட்டார்கள்.

6. சொல்லும் வாக்கியம்

சாப்பாட்டின் பெயர், ஒரே ஒரு குறை, உங்களுக்கு என்ன வேண்டும். இந்த மூன்றும் ஒரே மூச்சில் வர வேண்டும்.

"இந்த ஸ்டீக் மீடியம் கேட்டிருந்தேன், நடுவில் முழுக்கப் பழுப்பாக இருக்கிறது. வேறு ஒன்று செய்து தர முடியுமா?"

"சூப் ஆறியிருக்கிறது. சூடாக வேறு கொண்டு வர முடியுமா?"

இப்படிச் சொன்னால் சர்வர் அதை அப்படியே உள்ளே போய்ச் சொல்ல முடியும். "எதுவுமே சரியில்லைங்க" என்றால் அவர் உள்ளே போய் என்ன சொல்வார்? திரும்பி வந்து "என்ன சார் பிரச்சினை?" என்று மறுபடியும் கேட்பார், உங்களுக்கு எரிச்சல் ஏறும்.

என்ன வேண்டும் என்று சொல்லாமல் குறையை மட்டும் சொல்லிவிட்டு அவர் முகத்தைப் பார்ப்பதும் அடிக்கடி நடக்கிறது. அவர் மன்னிப்புக் கேட்பார், நீங்கள் "பரவாயில்லை" என்பீர்கள், தட்டு அங்கேயே இருக்கும்.

குரலை உயர்த்த வேண்டாம். சமைத்தவர் உள்ளே இருக்கிறார், திட்டு வாங்குபவர் வெளியே நிற்கிறார். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்று ஆகிவிடும். அதோடு அன்றைக்கு மிச்சம் இருக்கும் ஒன்றரை மணி நேரமும் உங்களைக் கவனிக்கப் போவது அதே ஆள்.

7. தட்டு உள்ளே போன பிறகு

முதலில் எவ்வளவு நேரம் ஆகும் என்று கேளுங்கள். ஒரு டேபிளின் மெயின் (முக்கியமான தட்டு) எல்லாம் ஒரே நேரத்தில் தயாராகிற மாதிரி கிச்சன் கணக்குப் போட்டுச் சமைக்கும். உங்கள் தட்டு ஒன்று மட்டும் திரும்பினால் அந்தக் கணக்கு உடையும். மற்றவர்களைச் சாப்பிடச் சொல்லுங்கள். உங்களுக்காகக் காத்திருந்து நாலு தட்டும் ஆறினால் ஒரு குறை நாலாகும்.

வேகாதது என்றால் அதே துண்டைத் திரும்பச் சூடாக்கித் தருவது நியாயம்தான். அதிகம் வெந்தது என்றால் புதுசுதான் வேண்டும். வெந்த புரதம் சுருங்கி நீரை வெளியே தள்ளிவிட்டது, அதைத் திரும்ப உள்ளே வைக்க யாராலும் முடியாது. சாஸை மேலே ஊற்றிக் கொண்டுவந்தால் பணிவாக மறுத்துவிடுங்கள்.

இருபது நிமிடம் ஆகும் என்றால் யோசியுங்கள். அதற்குள் மற்றவர்கள் முடித்திருப்பார்கள், நீங்கள் தனியாகச் சாப்பிடுவீர்கள், அவர்கள் வேடிக்கை பார்ப்பார்கள். அந்த நிலைமையில் நான் சொல்வது: "அது வேண்டாம், பில்லிலிருந்து எடுத்துவிடுங்கள், சீக்கிரம் வரக்கூடிய ஸ்டார்ட்டர் ஒன்று கொடுங்கள்." சீக்கிரம் முடியும், எல்லோருக்கும் நிம்மதி.

திருப்பி அனுப்பினால் உள்ளே ஏதாவது செய்துவிடுவார்களோ என்ற பயம் நிறையப் பேருக்கு உண்டு. ஒழுங்கான கிச்சனில் திரும்பி வந்த தட்டைத் தலைமைச் சமையல்காரரோ அவருக்கு அடுத்தவரோ தானே கவனிப்பார். அடுத்த தட்டு பெரும்பாலும் முதல் தட்டைவிட நன்றாகவே வரும்.

8. தாமதம்

ஸ்டார்ட்டர் தட்டுகளை எடுத்த பிறகுதான் பல இடங்களில் மெயினை ஆரம்பிக்கச் சொல்லிக் கிச்சனுக்குக் குரல் போகும். ஒருவர் ஸ்டார்ட்டரை வைத்துக்கொண்டு கதை பேசினாலோ, போன் வந்து வெளியே போனாலோ மெயின் நிற்கும். முதலில் அந்தப் பக்கம் பாருங்கள்.

அது இல்லை என்றால் "இன்னும் எவ்வளவு நேரம்?" என்று கேட்காதீர்கள், "ஐந்து நிமிஷம்" என்றுதான் பதில் வரும். "எங்கள் மெயின் கிச்சனில் ஆரம்பித்தாகிவிட்டதா, ஒரு தடவை பார்த்துச் சொல்கிறீர்களா?" என்று கேளுங்கள். ஆர்டர் பதிவாகாமலே கிடந்தது சில சமயம் அப்போதுதான் தெரியவரும். ஸ்டார்ட்டர் எடுத்து இருபத்தைந்து நிமிடம் தாண்டினால் கேட்கலாம், அது என் கணக்கு.

9. ஒவ்வாமையும் பாதுகாப்பும்: இங்கே மரியாதை பார்க்க வேண்டாம்

ஆகாத பொருள் தட்டில் இருந்தால் அதை மட்டும் பொறுக்கி எடுத்துவிட்டு மீதியைச் சாப்பிடக் கூடாது. கடலையை எடுத்தாலும் அதன் துகளும் எண்ணெயும் அங்கேயேதான் இருக்கும். உள்ளே கொண்டுபோய் அவர்களே பொறுக்கி எடுத்துத் திரும்பக் கொண்டுவரவும் விடாதீர்கள். புதுப் பாத்திரத்தில் புதிதாகச் செய்யச் சொல்லுங்கள், பழைய தட்டை உங்கள் டேபிளிலேயே வைத்துக்கொண்டு. அப்போதுதான் வந்தது புதுசு என்று உறுதியாகத் தெரியும்.

எதையெல்லாம் ஒவ்வாமைப் பொருளாகக் கட்டாயம் அறிவிக்க வேண்டும் என்பது நாட்டுக்கு நாடு மாறும். ஐரோப்பிய ஒன்றியத்தின் பட்டியலில் 14, அமெரிக்காவில் 9, அதிலும் எள் சேர்ந்தது 2023ல்தான். அதனால் "அலர்ஜி எதுவும் இல்லையே?" என்று பொதுவாகக் கேட்காமல் பொருளின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள்.

சாப்பிட்ட சில நிமிடங்களில் உதடு வீங்குவது, தொண்டை அடைப்பது, மூச்சு வாங்குவது, தலைசுற்றல் என்று எது வந்தாலும் கையில் கடுமையான ஒவ்வாமைக்கான அட்ரினலின் ஊசி இருந்தால் முதலில் அது, உடனே அவசர மருத்துவ உதவி. மேனேஜர், பில் எல்லாம் அப்புறம்.

மீன் நாக்கில் மிளகு பட்ட மாதிரி சுருக்கென்று இருந்தால் அங்கேயே நிறுத்துங்கள். சரியாகக் குளிரூட்டாமல் வைத்த சில மீன்களில் ஒவ்வாமை மாதிரி அறிகுறிகளைக் கிளப்பும் ஹிஸ்டமின் என்ற பொருள் சேர்ந்துவிடும், சமைத்தாலும் அது போகாது. கண்ணாடித் துண்டு கிடைத்தாலும் இதேதான். அந்த டேபிளில் எல்லோரும் சாப்பிடுவதை நிறுத்த வேண்டும், மேனேஜர் நேராக வர வேண்டும்.

10. மேனேஜரிடம் எப்போது

ஒரே இரவில் இரண்டாவது பிழை, சர்வர் தட்டிக் கழிப்பது, பாதுகாப்பு விஷயம். சாப்பாட்டின் நடுவில் மேனேஜரைக் கூப்பிடுவது இந்த மூன்றுக்கும்தான். முதல் குறைக்கே மேனேஜரைக் கூப்பிட்டால் சர்வர் தானாகச் செய்திருக்கக்கூடிய உதவியும் போய்விடும்.

டேபிளில் வைத்துப் பேசாமல் எழுந்து வாசல் பக்கம் போய்ப் பேசுவது நல்லது. கூட வந்தவர்களின் மாலை மிஞ்சும், மேனேஜருக்கும் மற்ற டேபிள்கள் பார்க்கிற பதற்றம் இருக்காது, மனசு திறந்து பேசுவார்.

நடந்ததை வரிசையாக மூன்று வாக்கியத்தில் சொல்லிவிட்டு "என்ன செய்யலாம் என்று நீங்கள் சொல்லுங்கள்" என்று நிறுத்துங்கள். நிறுத்திவிட்டுச் சும்மா இருங்கள், அதுதான் கஷ்டம். நாம் முதலில் கேட்பது பெரும்பாலும் அவர் தர நினைத்ததைவிடக் குறைவாக இருக்கும். "ரிவ்யூ போட்டுவிடுவேன்" என்று ஆரம்பிக்கவே வேண்டாம், அந்த நொடியிலிருந்து அவர் உங்கள் குறையைக் கேட்பதை விட்டுவிட்டு உங்களைச் சமாளிக்கத் தொடங்குவார்.

இலவச டெசர்ட் ஒன்று வரும். இது ஒரு சின்னப் பொறி. அதைச் சாப்பிட்டால் கணக்கு முடிந்தது என்று அவர்கள் எடுத்துக்கொள்வார்கள். அது போதும் என்றால் சந்தோஷமாகச் சாப்பிடுங்கள். போதாது என்றால் "வேண்டாம், அந்த மெயினை மட்டும் பில்லிலிருந்து எடுத்துவிட்டால் போதும்" என்று அப்போதே சொல்லிவிடுங்கள்.

11. பில்

கார்டைக் கொடுப்பதற்கு முன் படியுங்கள். திருப்பி அனுப்பியது நீங்கியிருக்கிறதா, கேட்காதது ஏறியிருக்கிறதா, பாட்டில் எண்ணிக்கை சரியா. சர்வீஸ் சார்ஜ் ஏற்கனவே சேர்ந்திருந்தால் டிப்ஸ் கோடு காலியாக இருப்பதைப் பார்த்து இன்னொரு தடவை கொடுத்துவிடாதீர்கள். பணம் போன பிறகு திருத்தினால் திரும்பி வர நாள் கணக்கில் ஆகும், முன்னாடியே சொன்னால் ஒரு நிமிட வேலை.

கோபத்தில் பணம் கொடுக்காமல் எழுந்து போகாதீர்கள். சாப்பிட்டதற்குக் கொடுத்துவிடுங்கள், தகராறில் இருக்கும் ஒரு தட்டை மட்டும் பேசுங்கள். எல்லாவற்றையும் மறுத்தால் நியாயம் உங்கள் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் நகர்ந்துவிடும், சில இடங்களில் போலீஸ் விவகாரமாகவும் ஆகலாம்.

டிப்ஸ் வழக்கம் ஊருக்கு ஊர் மாறும். எங்கேயானாலும் கிச்சன் செய்த தப்புக்குச் சர்வரின் டிப்ஸைக் குறைக்காதீர்கள், அவர் ஓடி ஓடிச் சரிசெய்திருந்தால் இன்னும் மோசம்.

12. மறுநாள் மெயில்

அங்கேயே தீராதது இருந்தால் மட்டும். இரண்டு நாளுக்குள் எழுதுங்கள், அப்போதுதான் அன்றைக்கு வேலையில் இருந்தவர்களுக்கு நினைவிருக்கும். இரவோடு இரவாக எழுதலாம், ஆனால் காலையில் படித்துவிட்டு அனுப்புங்கள்.

தேதி, நேரம், புக்கிங் பெயர், எத்தனை பேர். என்ன வந்தது, எப்போது யாரிடம் சொன்னீர்கள், அவர்கள் என்ன செய்தார்கள். கடைசியில் என்ன கேட்கிறீர்கள். இவ்வளவுதான், பத்து வரிக்குள். ஒரு மாதிரி:

"சனிக்கிழமை இரவு 8 மணிக்கு நான்கு பேருக்குப் புக் செய்திருந்தேன். நான் கேட்ட ஸ்டீக் இரண்டு தடவையும் அதிகம் வெந்து வந்தது. முதல் தடவை சர்வரிடமும் இரண்டாவது தடவை மேனேஜரிடமும் சொன்னேன். பில்லிலிருந்து நீக்குவதாகச் சொன்னார், நீக்கப்படவில்லை. பில்லும் படமும் இணைத்திருக்கிறேன். அந்தத் தொகையைத் திருப்பித் தரும்படி கேட்டுக்கொள்கிறேன்."

நாங்கள் எவ்வளவு ஆசையாக வந்தோம் தெரியுமா என்று மூன்று பத்தி எழுதத் தோன்றும். எழுதினால் கோரிக்கை அதற்குள் தொலைந்துபோகும்.

ஒரு வாரத்தில் பதில் இல்லை என்றால் ஒரு நினைவூட்டல். அதற்கும் இல்லை என்றால், இரண்டு தடவை எடுத்தது, பில்லைவிட அதிகம் எடுத்தது போன்ற விஷயங்களில் பில்லைக் காட்டி வங்கியில் புகார் கொடுத்துப் பணத்தைத் திரும்பக் கேட்கலாம், அது நிற்கும். சாப்பிட்டு முடித்ததை நன்றாக இல்லை என்று சொல்லி வங்கிக்குப் போனால் பெரும்பாலும் நிற்காது.

13. உடம்புக்கு முடியாமல் போனால்

கடைசியாகச் சாப்பிட்ட இடத்தின் மேல்தான் எல்லோரும் பழி போடுவார்கள். நேரத்தைப் பாருங்கள். ஸ்டஃபைலோகாக்கஸ் என்ற கிருமியின் நச்சு என்றால் அரை மணி முதல் எட்டு மணி நேரத்தில் வாந்தி வரும். நோரோவைரஸுக்கு 12 முதல் 48 மணி நேரம், சால்மோனெல்லாவுக்கு 6 மணி நேரத்திலிருந்து 6 நாள் வரைகூட ஆகலாம். ஆக நேற்று இரவு விருந்துக்கும் இன்றைய வயிற்றுக்கும் சம்பந்தம் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்.

கூட வந்தவர்களில் யாருக்கு என்ன, அவர்கள் என்ன சாப்பிட்டார்கள் என்று குறித்து வையுங்கள். மருத்துவரைப் பாருங்கள், உங்கள் பகுதி உணவுப் பாதுகாப்பு அல்லது சுகாதாரத் துறைக்குத் தெரிவியுங்கள். ரெஸ்டாரன்ட்டுக்கும் சொல்லுங்கள், "உங்களால்தான்" என்று ஆரம்பிக்காமல் "எங்களில் இரண்டு பேருக்கு இப்படி ஆகியிருக்கிறது" என்று.

14. ரிவ்யூ கடைசியில்

மெயிலுக்குப் பதில் வந்த பிறகு, அல்லது வராது என்று உறுதியான பிறகு. முதலிலேயே போட்டுவிட்டால் பேசுவதற்கு உங்கள் கையில் ஒன்றும் இருக்காது, அவர்களும் ரிவ்யூவுக்குப் பதில் எழுதுவதோடு நிறுத்திக்கொள்வார்கள். கண்ணால் பார்த்ததை எழுதுங்கள், ஊகத்தை விடுங்கள். "மீன் காய்ந்திருந்தது" என்பதை யாரும் மறுக்க முடியாது, "பழைய மீனைக் கொடுக்கிறார்கள்" என்பதை நிரூபிக்க வேண்டியது நீங்கள். சர்வர் பெயரைப் போடாதீர்கள்.

15. திரும்ப வாருங்கள் என்று அழைத்தால்

சில இடங்கள் பணத்துக்குப் பதில் இன்னொரு விருந்துக்கு அழைக்கும். ஒப்புக்கொள்வதற்கு முன் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்: எத்தனை பேருக்கு, பானங்கள் சேர்ந்ததா, எந்தத் தேதி வரை செல்லும், வார இறுதியில் செல்லுமா, அந்த மேனேஜர் வேலையை விட்டுப் போய்விட்டாலும் செல்லுமா. கடைசிக் கேள்வி வேடிக்கையாகத் தோன்றும். நான் கேட்காமல் விட்டு, போய் நின்றபோது அந்த அழைப்பைப் பற்றி அங்கே ஒருவருக்கும் ஒன்றும் தெரியவில்லை.